குழந்தையின் மூச்சும் உணவின் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தில் ஊறிப்போன வழக்கம். சிலம்பும் கம்பனும் முழங்கும் மேடையில் கலோரிக் கணக்கைப் பேச வந்துவிட்டோமே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் இப்பொருளைக் கேட்பதற்கு நம்மினும் உரியோர் இலர் என்றே கருதுகிறோம். சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் நோயுற்ற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெங்களூர் வந்திறங்கும் உறவினர் முதலில் வந்து தட்டுவது நம் வீட்டுக் கதவைத்தான். கன்னடமும் ஆங்கிலமும் வழங்கும் மருத்துவமனையில் அவர்களுக்கு வாயாக நிற்பதும், காலையும் மாலையும் டிபன் கேரியர் சுமந்து செல்வதும் நாமே. ஆகவே, உயிருக்குப் போராடும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்னும் கேள்வி, மருத்துவர்களின் மேசையில் மட்டும் கிடக்கும் கேள்வியன்று; நம் அடுக்களை வரையில் வந்து நிற்கும் கேள்வியாகும்.

எல்லா நோயையும் பற்றிப் பேச நேரமில்லை. ஸ்டெம் செல் என்று மருத்துவர் வழங்கும் குருத்தணுக்களைப் பிறரிடமிருந்து பெற்று உயிர் மீளும் குழந்தைகளைப் பற்றி மட்டும் பேசுவோம். இரத்தப் புற்றுநோய்களிற் சிலவற்றுக்கும், பிறவியிலேயே குருதி குன்றும் தலசீமியா நோய்க்கும், எலும்பு மச்சை வற்றிப்போகும் நோய்க்கும் இம்மாற்று சிகிச்சை இன்று செய்யப்படுகிறது. முதலில் கடுமையான மருந்துகளால், சில வேளைகளில் கதிர்வீச்சாலும், குழந்தையின் பழைய மச்சையை அழித்துவிடுகின்றனர். பின்னர், உடன்பிறந்தாரிடமிருந்தோ பெற்றோரிடமிருந்தோ பொருத்தமுள்ள அயலாரிடமிருந்தோ எடுத்த குருத்தணுக்களை இரத்தக் குழாய் வழியே செலுத்துகின்றனர். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. பார்ப்போர்க்கு இரத்தம் ஏற்றுவது போலவே தோன்றும். அவ்வணுக்கள் தாமே வழி தேடிச் சென்று எலும்பின் உட்புறத்திற் குடியேறிப் புதுக் குருதியை ஆக்கத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. பிழைப்பு நாடி வேற்று மண்ணில் வந்து வேரூன்றிய நமக்கு, அவ்வணுக்களின் பாடு விளங்காததன்று!

அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1950-களில் இம்முயற்சியைத் தொடங்கினார். அதற்காகவே 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1983-இல் பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இது தொடங்கியது. இன்று நம் பெங்களூரிலேயே, ஓசூர் சாலையில் பொம்மசந்திரத்தில் உள்ள நாராயணா மருத்துவமனை முதலிய இடங்களில் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை நடைபெறுகிறது.

புதிய அணுக்கள் வேர்பிடிக்கும் வரையில் உள்ள அவ்விரண்டு மூன்று வாரங்களே பெற்றோரின் நெஞ்சைப் பிழியும் காலம். மருந்தின் கடுமையால் வாயும் தொண்டையும் குடலும் புண்ணாகிவிடும். எச்சிலை விழுங்குவதும் வேதனை. குமட்டலும் பேதியும் ஓயா. முந்தின மாதம் தோசைக்கு அடம்பிடித்த குழந்தை இப்போது கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நோயெதிர்க்கும் வெள்ளணுக்கள் இன்மையால் காய்ச்சல் எப்போது வருமோ என்னும் அச்சமும் உண்டு. அந்நாள்களில் உணவின் பெரும்பகுதி வாய் வழியே செல்வதில்லை. மூக்கின் வழியே இரைப்பைக்கு விட்ட மெல்லிய குழாயாலோ, அதுவும் இயலாதபோது சர்க்கரையும் புரதச் சத்தும் கொழுப்பும் கலந்த நீர்மத்தை இரத்தக் குழாய் வழியே ஏற்றியோ உயிரைக் காக்கின்றனர். வாயால் உண்ணும் குழந்தை, போதும் என்று கையைத் தட்டிவிடும். குழாய் வழியே செல்லும் உணவுக்குப் 'போதும்' என்று சொல்லும் வாய் இல்லை. எவ்வளவு என்று எழுதுகிற மருத்துவரின் எழுதுகோலே அங்கு வாயும் வயிறும் ஆகிறது.

அவ்வெழுதுகோல் எவ்வளவு என்று எழுத வேண்டும்? நெடுங்காலம் இதற்குப் பாட்டிமாரும் பாடநூல்களும் ஒரே விடையைக் கூறிவந்தனர். நோய் உடலை எரிக்கிறது. புது மச்சை வளர வேண்டும். ஆதலின் வழக்கத்தினும் மிகுதியாக ஊட்டுக என்பதே அவ்விடை. வாய்ப்பாட்டின்படி ஓய்வு நிலைக்கு வேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டு, அதனை ஒன்றரை மடங்கு வரையிற் பெருக்கி ஊட்டுவது மாற்று சிகிச்சைக் கூடங்களில் வழக்கமாக இருந்தது. அன்பும் அச்சமும் சேர்ந்து செய்த கணக்கு அது. அதனை எள்ளி நகையாடுவதற்கில்லை. மெலிந்துபோகும் பிள்ளையைக் கண்டு எவர்க்குத்தான் இன்னும் ஒரு கரண்டி ஊட்டத் தோன்றாது?

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் பழமொழியை எடுத்துக்காட்டி இங்கேயே உரையை முடித்துவிடலாம். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்துப் பத்துக் குறளில் ஆறனை உணவு முறைக்கே ஒதுக்கியுள்ளார். ஆயினும், இந்தக் குழந்தைக்கு, இந்த வாரத்தில், அளவு யாது என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் குழந்தையின் மூச்சிலேயே இருக்கிறது என்பதுதான் நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

அடுப்பில் விறகு எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. உடலுக்குள் உணவு எரிவதும் இவ்வாறே. பிரெஞ்சு நாட்டு லவாசியரும் லாப்லாசும் 1780-களில், பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தினுள் கினிப்பன்றி ஒன்றை வைத்து, உருகியோடிய நீரின் அளவிலிருந்து அவ்வுயிர் வெளியிட்ட வெப்பத்தைக் கணித்தனர். வெப்பத்தின் அளவும் மூச்சுக் காற்றின் அளவும் தொடர்புடையன என்று கண்டனர். பின்னாளில் 1794-இல் லவாசியரின் தலையை அரசியல் கொய்தது. அவர் கண்ட உண்மையை அதனாற் கொய்ய முடியவில்லை. ஒரு லிட்டர் பிராணவாயு உடலிற் செலவானால் சற்றேறக்குறைய 5 கலோரி ஆற்றல் வெளிப்படுகிறது. உள்ளே சென்ற பிராணவாயுவையும் வெளிவந்த கரியமில வாயுவையும் அளந்துவிட்டால் ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். அதற்கான எளிய சூத்திரத்தை 1949-இல் வெயர் என்பார் வகுத்தளித்தார். இன்றும் மருத்துவமனைப் பொறிகளிற் பெரும்பாலன அச்சூத்திரத்தையே பயன்படுத்துகின்றன.

பொறியைப் பார்த்தவர்கள் அஞ்சத் தேவையில்லை. படுத்திருக்கும் குழந்தையின் தலைமேல் கண்ணாடி போன்ற ஒரு கவிகையை வைப்பர். கூடை கவிழ்த்தாற்போல் இருக்கும். உள்ளிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். ஒரு குழாய் கவிகைக்குள்ளிருக்கும் காற்றைச் சீராக இழுத்துப் பொறிக்கு அனுப்பும். ஊசி இல்லை, வலி இல்லை. அரை மணி நேரத்தில் அளவு முடிந்துவிடும். இருபது கிலோ எடையுள்ள சிறுவன் ஓய்வாகப் படுத்திருக்கையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 மில்லி லிட்டர் பிராணவாயுவையே செலவிடுகிறான். ஒரு சிறு காப்பித் தம்ளரின் அளவுதான். அச்சிறு அளவை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குரிய உணவைக் கணக்கிட வேண்டியிருத்தலின், கவிகையின் ஓரத்தில் காற்று கசிந்தாலும் கணக்குப் பிசகும்.

இவ்வளவில் இன்னொரு நயமும் உண்டு. வெளிவரும் கரியமில வாயுவை உட்செல்லும் பிராணவாயுவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். மாவுச் சத்து மட்டும் எரிந்தால் அவ்வெண் 1 ஆகும். கொழுப்பு மட்டும் எரிந்தால் ஏறத்தாழ 0.7. அது 1-ஐத் தாண்டினால், ஊட்டிய சர்க்கரையை எரிக்க வழியின்றி உடல் அதனைக் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கிறது என்று பெரும்பாலும் பொருள் கொள்ளலாம். பேச இயலாத குழந்தையின் மூச்சு, 'போதும், எனக்கு மிகுதியாகிறது' என்று இவ்வாறு பேசுகிறது.

பொறி எல்லா இடத்தும் இராது. ஆதலின் எடை, உயரம், வயது ஆகியவற்றைக் கொண்டு தேவையை ஊகித்தறியும் வாய்ப்பாடுகள் எழுந்தன. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கார்னெகி ஊட்ட ஆய்வகத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் பெனடிக்ட், ஹாரிஸ் என்பாருடன் சேர்ந்து 1919-இல் வெளியிட்ட வாய்ப்பாடு உலகெங்கும் பரவியது. அதே பெனடிக்ட், சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த எலினோர் மேசன் அம்மையாருடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை ஆற்றல் செலவை ஆராய்ந்து 1931-இல் முடிவை வெளியிட்டார். அடுத்த ஆண்டே கிருஷ்ணன், வரீது என்னும் இருவர் சென்னைக் கல்லூரி மாணவர், மாணவியரை அளந்து எழுதினர். இரு சாராரும் கண்டது ஒன்றே: அமெரிக்க அளவுகோல் எதிர்பார்த்ததைவிட நம்மவர் ஓய்வு நிலையிற் செலவிடும் ஆற்றல் குறைவு. மூக்கையும் வாயையும் கருவிக்கு ஒப்படைத்து, அசையாமற் படுத்திருக்க அந்நாளில் இசைந்த நம் பெண்களின் துணிவை மெச்சாதிருக்க முடியவில்லை.

வாய்ப்பாடுகள் பின்னரும் மாறின. உலக உணவு நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. பல்கலைக்கழகமும் 1985-இல் வெளியிட்ட வாய்ப்பாடு இன்றும் குழந்தை மருத்துவர்களின் கையில் உள்ளது. அதற்கு அடிப்படையான அளவுகளில் ஏறத்தாழப் பாதி இத்தாலி நாட்டாரிடம் எடுக்கப்பட்டவை! இத்தாலியர் மீது நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர்களுடைய படைவீரர்களின் உடலைக் கொண்டு தைத்த சட்டை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம்தானே?

அக்கேள்வியைக் கேட்டு விடையும் கண்டவர்கள் நம் பெங்களூர்க்காரர்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. கோரமங்கலப் பகுதியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியை அறியாதார் இங்கு இலர். நம்மிற் பலர் அங்கு வைத்தியத்துக்குச் சென்றிருப்போம். ஆனால் அதே வளாகத்தில் மனிதரின் மூச்சை அளக்கும் ஆய்வு பல ஆண்டுகளாக நடந்துவருவதை எத்தனை பேர் அறிவோம்? பிரகாஷ் ஷெட்டி, மேரியோ சோரெஸ், அனுரா குர்பட் முதலியோர் இங்கே இந்திய ஆண்களையும் பெண்களையும் முறைப்படி அளந்தனர். 1993-இல் இந்திய ஆண்களுக்கென்றே ஒரு வாய்ப்பாடு இங்கிருந்து வெளிவந்தது. உலக நிறுவனங்களின் வாய்ப்பாடு நம்மவர்க்கு மிகையாகக் கணக்கிடுகிறது என்பதை அவர்கள் நிறுவினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2010-இல் வெளியிட்ட உணவுப் பரிந்துரையில் அவ்வாய்ப்பாட்டை 5 விழுக்காடு குறைத்தே பயன்படுத்தியது.

இக்குறைவுக்குக் காரணம் யாது? வெயில் என்றனர் சிலர். இனம் என்றனர் சிலர். நம்மவர் சோம்பர் என்று வாய் கூசாமல் முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பர். 1998-இல் சோரெசும் ஷெட்டியும் இந்தியரின் அளவுகளையும் ஆஸ்திரேலியரின் அளவுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர். உடலின் அமைப்பைக் கணக்கிற் கொண்டவுடன் இன வேறுபாடு என்பது மறைந்துபோயிற்று. ஒரே எடையுள்ள இருவரில் தசை மிகுந்தவர் மிகுதியாகச் செலவிடுகிறார். தசை குறைந்து கொழுப்பு மிகுந்தவர் குறைவாகச் செலவிடுகிறார். நெருப்பு எரிவது தசையிலும், மூளை, ஈரல், இதயம் போன்ற உறுப்புகளிலும். கொழுப்பு பெரும்பாலும் அடுக்கி வைத்த விறகுதான். தராசு இரண்டையும் ஒன்றாகவே நிறுத்துக் காட்டும். அதனால்தான் எடையை மட்டும் நம்பும் வாய்ப்பாடு பிழைபடுகிறது.

(இதன் தொடர்பாக ஒன்று கூறிவிடுவோம். உயிரணுக்களின் மொத்த அளவை அறிய, உடலில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம் வெளியிடும் நுண்ணிய கதிரை எண்ணும் கருவி ஒன்றைச் செயின்ட் ஜான்சில் உருவாக்கி, 2018-இல் அதனைப் பற்றி எழுதியுள்ளனர். கருவி உடலுக்குள் எதையும் செலுத்துவதில்லை. நம் உடல் தானே சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறது.)

இனி, மாற்று சிகிச்சை பெற்ற குழந்தையிடம் திரும்புவோம். பெனடிக்டின் நகரமாகிய அதே பாஸ்டனில், கிறிஸ்டோபர் டக்கன் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய துணைவர்களும், பிறரிடமிருந்து குருத்தணு பெற்ற குழந்தைகளின் மூச்சை வாரந்தோறும் அளந்து, முடிவை 2003-இல் வெளியிட்டனர். டக்கன் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். கருவுற்ற தாய்மார்க்கு வைட்டமின் பி-12 அளிப்பது பற்றிச் செயின்ட் ஜான்சாருடன் சேர்ந்து பெங்களூரில் ஆய்வு நடத்தி 2014-இல் எழுதியவர்களுள் அவரும் ஒருவர்.

பாஸ்டனில் அவர்கள் கண்டது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. நோய் உடலை எரிக்கும், ஆதலின் செலவு ஏறும் என்றன்றோ எண்ணியிருந்தனர்? செலவு இறங்கியது. சிகிச்சைக்கு முன் வாய்ப்பாட்டின் அளவுக்கு அண்மையில் இருந்த ஆற்றல் செலவு, அடுத்துவந்த சில வாரங்களில் படிப்படியாகத் தாழ்ந்து, வாய்ப்பாட்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து நின்றது. பின்னரே மீண்டும் ஏறத் தொடங்கியது.

ஏன் இறங்கிற்று என்பதற்குப் பெங்களூர் ஆய்வே நமக்கு வழிகாட்டுகிறது. வாரக்கணக்கில் படுத்த படுக்கை, வாய்ப்புண், கடும் மருந்து ஆகியவற்றால் குழந்தையின் தசை உருகுகிறது. நெருப்பு எரியும் இடமே சுருங்கிவிடுகிறது. ஏற்றிய நீர்மங்களால் உடல் ஊதியிருந்தால் தராசில் எடை குறையாமலேயே இருக்கலாம். உள்ளே தசை போயிருக்கும். தாய்க்கு அது தெரியும். குழந்தையைத் தூக்கும்போது கை கால் துவண்டிருப்பதை அவள் கை உணரும். வாய்ப்பாட்டுக்குத்தான் தெரியாது.

இதனை நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஏழெட்டு வயதுச் சிறுவன், எடை 20 கிலோ என்க. மேற்சொன்ன 1985 வாய்ப்பாட்டின்படி, கிலோவுக்கு 22.7 கலோரியும் அதன்மேல் 495 கலோரியும் சேர்த்தால், ஓய்வு நிலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 950 கலோரி வேண்டும். பழைய வழக்கப்படி ஒன்றரை மடங்காக்கினால் 1,425 கலோரி. ஆனால் அவன் மூச்சு உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லுமாயின், 760 கலோரியே ஓய்வு நிலைச் செலவு. இடைவெளி 665 கலோரி. நடுத்தர இட்லி ஒன்றுக்கு 60 கலோரி என்று கொண்டால், பதினொரு இட்லி! அசையாது கிடக்கும் குழந்தையின் இரத்தத்தில் நாள்தோறும் பதினொரு இட்லிக்குரிய சர்க்கரையையும் கொழுப்பையும் மிகையாகக் கரைத்து விடுவது போன்றது அது. எல்லா மருத்துவமனையிலும் அவ்வாறு நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. வாய்ப்பாட்டை நம்பி மடங்கு போட்டால் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டவே இதனைச் சொன்னோம்.

அம்மிகை எங்கே போகும்? இரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை தொற்றுக்கு இடம் கொடுக்கும். ஈரலிற் கொழுப்புப் படியும். மருந்துகளாற் சோர்ந்த ஈரலுக்கு அது மேலும் ஒரு சுமை. மிகுந்த கரியமில வாயுவை வெளியேற்ற, களைத்த நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டும். குறைவாக ஊட்டினாலோ, தசை இன்னும் விரைந்து உருகும், புண் ஆற நாளாகும், வளர்ச்சி தடைப்படும். இரு பக்கமும் பள்ளம் உள்ள வரப்பின்மேல் நடப்பது போன்றது இது.

இறங்கும் என்றோமே, அதனை எல்லாக் குழந்தைக்கும் எல்லா நாளுக்கும் விதியாகக் கொள்ளவும் கூடாது. காய்ச்சல் ஏறினால் செலவும் ஏறும். உடல் வெப்பம் ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும் என்பது நெடுநாளைய மருத்துவக் கணக்கு. ஆகவே, போன வாரத்து அளவு இந்த வாரத்துக்கு உதவாது. ஒரு குழந்தையின் அளவு அடுத்த கட்டிற் குழந்தைக்கும் உதவாது.

அளந்து ஊட்டினாற்போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று மயங்கவும் வேண்டா. இதையும் பாஸ்டன் அறிஞர்களே சோதித்தனர். ஒரு சாராருக்கு அளந்த அளவே ஊட்டினர். மறு சாராருக்கு அதன்மேற் கூட்டி ஊட்டத் திட்டமிட்டனர். 2012-இல் வெளிவந்த முடிவின்படி, ஒரு மாதத்தில் இரு சாராருக்கும் உடற்கொழுப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தசை இரு சாராருக்குமே குறைந்தது. நமக்கு இதில் ஏமாற்றம் இல்லை. மிகுதியாக ஊட்டினால் தசை நிற்கும் என்னும் பழைய நம்பிக்கைக்கு இது நேரான விடையன்றோ? கலோரியைக் கொட்டித் தசையைக் காக்க இயலாது. அதற்குப் போதிய புரதம் வேண்டும். இயன்றபோதெல்லாம் குழந்தையை எழுப்பி உட்கார வைத்து, நாலடி நடக்க வைக்கவும் வேண்டும். தாதியர் வந்து நடக்கச் சொல்லும்போது, 'பாவம், குழந்தை படுத்திருக்கட்டும்' என்று குறுக்கே விழும் அன்பு உண்மையில் அன்பாகாது.

தாய்மார்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். பிள்ளைக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று நாம் சொல்லியதாக எவரும் வீட்டிற் போய் உரைக்கலாகாது. நாம் பேசியது ஓய்வு நிலைச் செலவு மட்டுமே. எழுந்து விளையாடவும் வளரவும் வேண்டிய ஆற்றல் அதற்கு மேலானது. குருதி ஊறி, வாய்ப்புண் ஆறி, வீடு திரும்பிய குழந்தை இழந்த தசையை மீட்க வேண்டும். அப்போது தேவை ஏறும். அப்போது ஊட்டுங்கள், நன்றாகவே ஊட்டுங்கள். மருத்துவமனை நாள்களில் குழந்தை உண்ண மறுக்கும்போது மட்டும், தன் கையாலாகாமையென்று தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டா. குழாய் வழியே வேண்டியது சென்றுகொண்டிருக்கிறது. வாயைப் பிளந்து திணிப்பதால் உணவின் மீது குழந்தைக்கு வெறுப்பே மிஞ்சும். ஒரு வாய் இரசமோ ஒரு துண்டு இட்லியோ அதுவாகக் கேட்டால், மருத்துவர் இசைந்தால், அப்போதே சமைத்ததைச் சூட்டோடு கொடுக்கலாம். பச்சைச் சட்டினியும், திறந்து வைத்த ஊறுகாயும், வழியிற் கடையில் வாங்கிய பழச்சாறும் கூடவே கூடா.

இங்கே உறவினர்களுக்கும் ஒரு சொல். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்சும் ஏந்திச் செல்வது நம் மரபு. ஹார்லிக்சுப் புட்டி இல்லாமற் போனால் அன்பே இல்லையென்று பேசும் ஊர் நம் ஊர். இக்குழந்தைகளின் அறைக்குள் அவை செல்லமாட்டா, நாமும் செல்லலாகாது. அந்தப் பணத்தைப் பெற்றோரின் கையிற் கொடுத்துவிட்டு, ஒரு நாள் இரவு அவர்களை நம் வீட்டில் உறங்கச் சொல்லிவிட்டு, வாயிற்புறத்து நாற்காலியில் நாம் உட்கார்ந்திருப்பது மேல்.

மூச்சளக்கும் பொறி எல்லா மாற்று சிகிச்சைக் கூடத்திலும் இல்லை. பல இலட்சம் செலவாகும் சிகிச்சையில், ஊட்டத்தை மட்டும் ஊகத்துக்கு விடுவது பொருந்தாது என்பது நம் துணிபு. பொறி இல்லாத இடத்தில், மருத்துவர்கள் நாள்தோறும் எடையைப் பார்த்து, நாடாவால் மேற்கையின் சுற்றளவை எடுத்து, இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, வாய்ப்பாட்டின் அளவை மடங்கு போடாமல் தொடங்கித் திருத்திக்கொண்டே செல்வர். 'எங்கள் பிள்ளைக்கு இன்று எத்தனை கலோரி செல்கிறது? அதனை எவ்வாறு கணக்கிட்டீர்கள்?' என்று கேட்பதற்குப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. மொழி தெரியாமையால் அவர்கள் வாளா இருந்தால், உடன் செல்லும் நாம் கேட்க வேண்டும். நல்ல மருத்துவர் எவரும் அக்கேள்விக்குச் சினவார்.

பொறி உள்ள இடத்திற்கு நம் உறவுக் குழந்தை செல்லுமாயின், அளவெடுக்கும் நாளில் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் காலை வேளையிலேயே அளப்பர். எத்தனை மணிக்குமுன் உணவை நிறுத்த வேண்டும் என்பதை முன்னாளே கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் வழி ஊட்டம் ஓடிக்கொண்டிருந்தால் அதனை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர்களே முடிவு செய்வர். குளியலும் ஊசியும் கட்டு மாற்றுவதும் அளவெடுத்த பின்னரே நிகழட்டும். அழுத குழந்தையின் மூச்சு பொய் சொல்லும். அறை குளிர்ந்திருந்தால், மார்கழி மாதத்துப் பெங்களூர்க் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை, போர்வை போர்த்துங்கள். நடுங்கினாலும் கணக்கு ஏறிவிடும். முந்தின நாளே ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே பொம்மையைப் படுக்க வைத்து விளையாட்டுக் காட்டினால், மறுநாள் கவிகையைக் கண்டு குழந்தை மிரளாது. அந்த அரை மணி நேரமும் தாய் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கதை சொல்லலாம், மெல்லிய குரலிற் பாடவும் செய்யலாம். ஆனால் தெனாலிராமன் கதை மட்டும் அப்போது வேண்டா. குழந்தை சிரித்துவிட்டால், முதலிலிருந்து அளக்க வேண்டும்.